வட்டி எங்கே போகும்? மத்திய வங்கிகள் சொன்னதும் உலகம் செய்ததும்

ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கைக் குழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடுகிறது. அந்த வாரம் நம் வளாகத்து வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி, பார்க்கிங் தகராறு எல்லாம் பின்னுக்குப் போய் ஒரே கேள்வி முன்னுக்கு வரும்: "இந்தத் தடவை வட்டி குறையுமா?" கடனில் வீடு வாங்கியவர்களுக்குக் குறைய வேண்டும். ஃபிக்சட் டெபாசிட் வட்டியில் குடும்பம் நடத்தும் மூத்தவர்களுக்குக் குறையக் கூடாது. ஆனால் இரு தரப்புக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை உண்டு. அடுத்த வருடம் வட்டி எங்கே இருக்கும் என்பது மும்பையில் உட்கார்ந்திருக்கும் சிலருக்கு முன்பே தெரியும், நம்மிடம் சொல்லத்தான் மாட்டேன் என்கிறார்கள் என்பதே அது.

மனசு விட்டுச் சொன்ன மத்திய வங்கிகளும் உண்டு. அடுத்த இரண்டு மூன்று வருடங்களுக்கு எங்கள் வட்டி இப்படித்தான் போகும் என்று கோடு போட்டு, அச்சடித்து, உலகத்துக்கே காட்டினார்கள். அந்தக் கோடுகளுக்கு என்ன ஆனது என்பது சுவையான வரலாறு. நம் இ.எம்.ஐ.யோடு நேரடித் தொடர்பு உள்ள வரலாறும்கூட.

இதைத் தொடங்கி வைத்தது நியூசிலாந்து. அங்கே 1989-இல் வந்த ரிசர்வ் வங்கிச் சட்டம், விலைவாசியைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பை ஆளுநரின் தலையில் நேரடியாக ஏற்றியது. பொறுப்பு வந்தால் கணக்கும் காட்ட வேண்டும் அல்லவா? 1997 ஜூனில் அந்த வங்கி, 90 நாள் வங்கிப் பத்திர வட்டி வரும் ஆண்டுகளில் எப்படிப் போகும் என்ற தன் கணிப்பைத் தானே வெளியிட்டது. தன் வட்டிப் பாதையைத் தானே முன்கூட்டிச் சொன்ன முதல் மத்திய வங்கி அதுதான். அதன் பின்னால் உள்ள யோசனை எளிது. ஆளுநர் இன்றைய வட்டியை மட்டும் சொன்னால் நாளை என்ன ஆகுமோ என்று வங்கிகள் கொஞ்சம் கூட்டியே வட்டி கேட்கும். போகும் வழியைச் சொல்லிவிட்டால் வங்கிகளும் கம்பெனிகளும் வீடு வாங்குபவர்களும் அதற்கேற்ப நடப்பார்கள். மத்திய வங்கி கையை அசைக்காமலே பாதி வேலை முடிந்துவிடும்.

அறிக்கை வெளிவந்த அடுத்த மாதமே, ஜூலை 2 அன்று, தாய்லாந்து தன் பாத் நாணயத்தை டாலர் கட்டிலிருந்து அவிழ்த்துவிட்டது. பாத் சரிந்தது. பின்னாலேயே இந்தோனேசியா, மலேசியா, தென்கொரியா என்று வரிசையாகச் சாய்ந்தன. நியூசிலாந்தின் மரத்தையும் பால் பொருளையும் இறைச்சியையும் வாங்கிக்கொண்டிருந்த ஆசியச் சந்தை சுருங்கியது. நியூசிலாந்து டாலரின் மதிப்பும் இறங்கியது.

இங்கேதான் ஒரு விசித்திரம் நடந்தது. வட்டி, நாணய மதிப்பு இரண்டையும் சேர்த்து ஒரே குறியீடாக்கி, அதை வைத்துத்தான் அந்த வங்கி அப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது. வட்டி 1 சதவீதப் புள்ளி ஏறுவதும் நாணயம் 2 சதவீதம் வலுப்பதும் சமம் என்பது அதன் கணக்கு. நாணயம் விழுந்ததும் குறியீடு விழுந்தது. குறியீட்டை விரும்பிய அளவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் வட்டி ஏற வேண்டும். அப்படியே ஏறியது. வாங்குபவர் இல்லாமல் ஏற்றுமதி படுத்துக்கிடக்கும் நேரத்தில், கூடவே வறட்சியும் வந்த நேரத்தில், கடன் வட்டி உயர்ந்தது. 1998-இல் நாடு பொருளாதார மந்தத்துக்குள் போனது. சந்தைக்கு மாதிரியாகப் போட்ட கணக்கில், நாணயம் ஏன் விழுகிறது என்ற கேள்விக்கே இடமில்லை. வெளியே காய்ச்சல் அடிப்பதால் விழும் நாணயத்தையும் உள்ளூர்ச் செலவு அதிகமாகி விழும் நாணயத்தையும் அது ஒன்றாகவே பார்த்தது. 1999 மார்ச்சில் அந்தக் குறியீட்டைக் கைவிட்டு, நம் ரெப்போ போன்ற ஒரு நேரடி வட்டி விகிதத்துக்கு மாறினார்கள். முன்கணிப்பை வெளியிடும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

பிறகு நார்வே 2005-இலும் சுவீடன் 2007-இலும் இதே வழக்கத்துக்கு வந்தன. சுவீடனின் ரிக்ஸ்பேங்க் 1668-இல் தொடங்கியது. இன்று இருக்கும் மத்திய வங்கிகளில் மூத்தது. அந்தப் பாட்டிக்கும் உலகம் விலக்குக் கொடுக்கவில்லை. 2008 செப்டம்பர் தொடக்கத்தில் பணவீக்கத்துக்குப் பயந்து வட்டியை 4.75 சதவீதமாக உயர்த்தியது. செப்டம்பர் 15 அன்று நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் திவால். அக்டோபர் 8 அன்று அமெரிக்கா, ஐரோப்பா, பிரிட்டன், கனடா, சுவிட்சர்லாந்து மத்திய வங்கிகளோடு சேர்ந்து ரிக்ஸ்பேங்கும் ஒரே நாளில் வட்டியைக் குறைத்தது. டிசம்பரில் ஒரே கூட்டத்தில் 1.75 சதவீதப் புள்ளி வெட்டு. 2009 ஜூலையில் வட்டி 0.25 சதவீதம். பத்தே மாதம்தான்.

அதைவிடப் பாடம் உள்ளது அதற்கு அடுத்த கட்டம். 2010-இலிருந்து வட்டியைத் திரும்ப ஏற்ற ஆரம்பித்த ரிக்ஸ்பேங்க், இனி மேலே மேலேதான் என்று கோடு போட்டது. உண்மை வட்டி 2011-இல் 2 சதவீதத்தைத் தொட்டு, திரும்பி, கீழே போனது. ஒவ்வொரு அறிக்கையின் கணிப்பையும் ஒரே படத்தில் போட்டுப் பார்த்தால் முள்ளம்பன்றி முதுகு போல இருக்கும்: உடம்பு கீழே சரிகிறது, முட்கள் எல்லாம் வானத்தைப் பார்க்கின்றன. அந்த வங்கியின் துணை ஆளுநர்களில் ஒருவரான லார்ஸ் ஸ்வென்சன் கூட்டம் தவறாமல் எதிர்த்து வாக்களித்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று நம் கட்டுரைக்கு மிக நெருக்கமானது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் சீக்கிரம் வட்டியை உயர்த்தும் என்று நீங்கள் வைத்துக்கொள்கிறீர்கள், சந்தையில் யாரும் அப்படி நினைக்கவில்லை. வெளிநாட்டு வட்டி பற்றிய அனுமானம் தவறானால் நம் வட்டி பற்றிய கோடும் தவறு என்றார். 2013-இல் அவர் விலகினார். 2015 பிப்ரவரியில் சுவீடனின் வட்டி பூஜ்ஜியத்துக்கும் கீழே, மைனஸ் 0.10 ஆனது. ஒரு தகவல்: நியூசிலாந்தின் பழைய குறியீட்டு முறையை ஆராய்ந்து 2001-இல் அந்த நாட்டு அரசுக்கு அறிக்கை கொடுத்தவரும் இதே ஸ்வென்சன்தான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் ரிசர்வ் வங்கி வட்டிக்குக் கோடு போட்டுக் காட்டுவதில்லை. பணவீக்கம், வளர்ச்சி இரண்டுக்கும் கணிப்புச் சொல்லும். வட்டி விஷயத்தில் சூசகமான சில சொற்களோடு நிறுத்திக்கொள்ளும். சொல்லாததால் உலகம் விட்டுவிடுமா என்ன?

2013 மே 3 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 7.25 சதவீதமாகக் குறைத்தது. 2012-இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவந்த வட்டி அது. மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி அந்நாட்டு நாடாளுமன்றக் குழு முன் பேசும்போது, மாதாமாதம் பத்திரம் வாங்கிச் சந்தையில் பணம் விடும் திட்டத்தை அடுத்த சில கூட்டங்களில் குறைக்கத் தொடங்கலாம் என்றார். குறைக்கவில்லை, குறைக்கலாம் என்றார். அவ்வளவுதான். கூடுதல் வட்டிக்காக நம் மாதிரி நாடுகளுக்கு வந்திருந்த டாலர் எல்லாம் ஊர் திரும்பக் கிளம்பியது. 2012-13-இல் நம் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதம், அதாவது டாலர் வரத்தை நம்பியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மே தொடக்கத்தில் சுமார் 54 ரூபாயாக இருந்த டாலர், ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாயைத் தாண்டியது.

ஜூலை 15 இரவு ரிசர்வ் வங்கி ஒரு காரியம் செய்தது. ரெப்போவைத் தொடவில்லை. வங்கிகள் அவசரத்துக்குக் கடன் வாங்கும் எம்.எஸ்.எஃப். விகிதத்தை மட்டும் 2 சதவீதப் புள்ளி உயர்த்தி 10.25 ஆக்கியது. பெயருக்கு வட்டி 7.25, நடைமுறையில் பணம் 10 சதவீதத்துக்கு மேல். செப்டம்பரில் சுப்பாராவ் ஓய்வு பெற்று ரகுராம் ராஜன் வந்தார். அவசர விகிதத்தைப் படிப்படியாக இறக்கினார், ரெப்போவை ஏற்றினார். 2014 ஜனவரியில் அது 8 சதவீதம். மே மாதம் வட்டி இன்னும் குறையும் என்று காத்திருந்து வீட்டுக் கடன் எடுத்தவர்களின் கணக்கில் உள்ளூரில் எந்தத் தவறும் இல்லை. வாஷிங்டனில் ஒருவர் பேசிய பேச்சு அவர்கள் கணக்கில் இல்லை, அதுதான்.

சரி, அந்த அமெரிக்காவாவது சொன்னபடி நடந்ததா? அங்கே 2012 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு அதிகாரியும் வட்டி எங்கே இருக்கும் என்று நினைக்கிறாரோ அங்கே ஒரு புள்ளி வைத்து, புள்ளிக் கோலம் மாதிரி ஒரு படம் வெளியிடுகிறார்கள். 2015 ஆகஸ்ட்டில் சீனா யுவானின் மதிப்பைக் குறைத்ததும் சந்தைகள் ஆட்டம் கண்டன. செப்டம்பரில் செய்வதாக எதிர்பார்த்த வட்டி உயர்வை உலக நிலவரத்தைக் காரணம் காட்டியே அமெரிக்கா தள்ளிப்போட்டது. அந்த டிசம்பரில் ஒரு வழியாக உயர்த்திவிட்டு, 2016-இல் நான்கு முறை உயர்த்துவோம் என்று புள்ளி வைத்தார்கள். உயர்த்தியது ஒரே முறை. 2018 டிசம்பரில், அடுத்த வருடம் இரண்டு உயர்வு என்றார்கள். சீனாவோடு வர்த்தகச் சண்டை முற்றி, உலக வளர்ச்சி தளர்ந்து, 2019-இல் நடந்தது மூன்று குறைப்பு. உலகத்தையே ஆட்டிவைக்கும் வங்கிக்கே இந்த நிலைமை.

இந்த வரலாற்றில் மிகவும் மனதை உறுத்தும் அத்தியாயம் ஆஸ்திரேலியாவுடையது. சிட்னி, மெல்போர்னில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் நம் வளாகத்திலும் உண்டு. அவர்களுக்குக் கதை பாதி தெரிந்திருக்கும்.

கொரோனா காலம். 2020 நவம்பரில் ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி வட்டியை 0.10 சதவீதத்துக்கு இறக்கியது. குறைந்தது மூன்று வருடம் உயர்த்த எதிர்பார்க்கவில்லை என்றது. 2021-இல் அது இன்னும் தெளிவானது: வேலைவாய்ப்பும் கூலியும் இவ்வளவு வளர்ந்து பணவீக்கம் 2-இலிருந்து 3 சதவீதத்துக்குள் நிலைத்தால்தான் உயர்த்துவோம், அந்த நிலைமை 2024-க்கு முன் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கவனியுங்கள், இதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று நிபந்தனை, மற்றொன்று வருடம். பத்திரிகைத் தலைப்பில் நிபந்தனைக்கு இடம் போதாது. "2024 வரை வட்டி ஏறாது" என்பதே வீடு வீடாகப் போனது. ஆளுநர் பிலிப் லோ மேடைதோறும் அந்த வருடத்தைச் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. 2024 ஏப்ரலில் முதிரும் அரசுப் பத்திரத்தின் வட்டி 0.10 சதவீதத்துக்கு மேல் போகாதபடி, பணம் கொடுத்து வாங்கிப் பிடித்து வைத்தது அந்த வங்கி. வங்கிகளுக்கு மூன்று வருடத்துக்கு மலிவுக் கடனும் கொடுத்தது. அதைக் கொண்டு வங்கிகள் 2 சதவீதத்தை ஒட்டிய நிலை வட்டியில் வீட்டுக் கடன் விற்றன. இளம் தம்பதிகள் தங்கள் சக்தியின் விளிம்பு வரை போய்க் கடன் வாங்கினார்கள். வீட்டு விலையும் கூடவே ஏறியது.

உலகம் திறந்தபோது கப்பலும் கன்டெய்னரும் கிடைக்கவில்லை, சிப் கிடைக்கவில்லை, எல்லா நாட்டிலும் ஒரே நேரத்தில் விலை ஏறியது. 2021 அக்டோபர் கடைசியில், உலகச் சந்தையில் பத்திர வட்டிகள் உயர்ந்த வேகத்தில் ஆஸ்திரேலியா தன் 0.10 பிடியை விட்டுவிட்டது. பிறகு உக்ரைன் போர். 2022 மே 3 அன்று முதல் உயர்வு. 2023 நவம்பரில் வட்டி 4.35 சதவீதம். 2022 நவம்பரில் லோ நாடாளுமன்ற செனட் குழு முன் அமர்ந்து, தாங்கள் சொன்னதைக் கேட்டு முடிவெடுத்து இன்று தவிப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த செப்டம்பரில் அவர் பதவிக்காலம் முடிந்தது; நீட்டிப்புக் கிடைக்கவில்லை.

இதில் உலகத்தின் மேல் எவ்வளவு பழி, வங்கியின் மேல் எவ்வளவு? என் எண்ணத்தில், உலகம் மாறியதற்கு லோ பொறுப்பில்லை. மாறாது என்பது போல ஒரு தேதியைத் திரும்பத் திரும்பச் சொன்னதற்குப் பொறுப்பு உண்டு. மத்திய வங்கிகளுக்கு உலக நிலவரம் என்பது வசதியான சாக்காகவும் ஆகிவிடுகிறது. கணிப்பு பலித்தால் தங்கள் திறமை, பொய்த்தால் வெளியூர்க் காற்று.

அதே 2022-ஐ நம் பக்கத்திலிருந்து பார்ப்போம். பிப்ரவரி 10 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போவை 4 சதவீதத்திலேயே வைத்தது. 2022-23-இல் பணவீக்கம் 4.5 சதவீதம் இருக்கும் என்றது. இரண்டு வாரத்தில், பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. மார்ச்சில் கச்சா எண்ணெய் ஒரு பேரல் 130 டாலரைத் தொட்டது. நம் சமையலறையின் சன்ஃபிளவர் ஆயில் பெரும்பாலும் உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது நின்றதும் பாமாயிலுக்குப் போட்டி. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்கே தடை போட்டது. ஏப்ரல் கூட்டத்தில் ரிசர்வ் வங்கி, எண்ணெய் 100 டாலர் என்று வைத்துக்கொண்டு பணவீக்கக் கணிப்பை 5.7 ஆக்கியது. ஜூனில் எண்ணெய் 105 டாலர், கணிப்பு 6.7. நான்கே மாதத்தில் 4.5 எங்கே, 6.7 எங்கே!

நடுவில் மே 4 வந்தது. கூட்டம் எதுவும் அட்டவணையில் இல்லாத நாள். எல்.ஐ.சி. பங்கு விற்பனை தொடங்கிய அதே நாளில், மதியம் 2 மணிக்கு ஆளுநர் சக்திகாந்த தாஸ் திரையில் வந்து ரெப்போவை 0.40 உயர்த்துவதாக அறிவித்தார். அன்று நம் நேரப்படி இரவு அமெரிக்கா 0.50 உயர்த்தியது, 2000-க்குப் பிறகு அவ்வளவு பெரிய உயர்வு அங்கே நடந்ததில்லை. அமெரிக்க வட்டி அந்த வேகத்தில் ஏறும்போது நாம் அசையாமல் இருந்தால் 2013 திரும்பும் என்ற பயம் சந்தையில் இருந்தது. அப்படியும் ஜனவரியில் 75 ரூபாய்க்குள் இருந்த டாலர் அக்டோபரில் 82-ஐத் தாண்டியது. 2023 பிப்ரவரிக்குள் ஆறு உயர்வுகளில் ரெப்போ 4-இலிருந்து 6.5 சதவீதமானது.

2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. முன்பெல்லாம் ரெப்போ ஏறினால் வங்கி மெதுவாக யோசித்து ஏற்றும். இப்போது இடி விழுந்தால் நேராக நம் கூரையில்தான். 20 வருடத்துக்கு 50 லட்சம் கடன், 6.5 சதவீத வட்டி என்றால் தவணை சுமார் 37,280 ரூபாய். அதே கடன் 9 சதவீதத்துக்குப் போனால் சுமார் 44,990 ரூபாய். மாதம் 7,700 ரூபாய் கூடுதல். பல வளாகங்களில் பராமரிப்புக் கட்டணத்தைவிட அதிகம். தவணையை ஏற்றாமல் வருடத்தை நீட்டுங்கள் என்று சொன்னவர்களுக்கு இன்னொரு சிக்கல். 50 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி மட்டுமே 37,500. பழைய தவணை அந்த வட்டிக்கே போதாது. கடன் வாங்கிய புதிதில் வட்டி ஏறியவர்கள் மாதாமாதம் கட்டியும் அசல் குறையாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். இந்தப் புகார்கள் பெருகியபின், 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்பதைக் கடன்தாரரே தேர்ந்தெடுக்கலாம். நிலை வட்டிக்கு மாறவும், முழுதாகவோ பகுதியாகவோ முன்கூட்டிக் கட்டவும் வழி இருக்க வேண்டும் என்றது அந்த 2023 சுற்றறிக்கை. நீட்டிய காலத்தில் மாதத் தவணை அந்த மாத வட்டிக்கே போதாமல் போகக் கூடாது. உங்கள் வங்கி இதைக் கேட்காமலே காலத்தை நீட்டியிருந்தால், இப்போதும் போய்க் கேட்கலாம்.

நம் ரிசர்வ் வங்கி வட்டிக் கோடு போடுவதில்லை என்றேன். ஆனால் ஆஸ்திரேலியர்களின் காதில் விழாமல் போன அந்த நிபந்தனைப் பகுதியை ஒவ்வொரு ஏப்ரலிலும் அக்டோபரிலும் அச்சிட்டே தருகிறது. பணக் கொள்கை அறிக்கை என்ற பெயரில் அதன் இணையதளத்தில் கிடைக்கும். முதல் அத்தியாயத்திலேயே ஒரு சிறிய அட்டவணை இருக்கும்: கச்சா எண்ணெய் இத்தனை டாலர், டாலருக்கு இத்தனை ரூபாய், பருவமழை இப்படி, உலக வளர்ச்சி இவ்வளவு என்று வைத்துக்கொண்டே எங்கள் கணிப்பைச் சொல்கிறோம் என்று. கூடவே, அந்த அனுமானம் தவறினால் என்ன ஆகும் என்றும் இருக்கும். எண்ணெய் விலை அனுமானத்தைவிட 10 சதவீதம் கூடினால் பணவீக்கம் சுமார் 0.3 சதவீதப் புள்ளி ஏறும் என்பது 2022 ஏப்ரல் அறிக்கையின் கணக்கு. அடுத்த கூட்ட வாரத்தில் யாராவது குழுவில் "வட்டி குறையுமா?" என்று கேட்டால், அந்த அட்டவணையில் எண்ணெய்க்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள், அன்றைய பேப்பரில் என்ன விலை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.